சாவியோடு போனவர்கள்

மார்ச் 9, திங்கள்

கூடாரத்தில் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிட்டது. நிலநடுக்கத்தில் எங்கள் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டர் இடிந்ததிலிருந்து நர்ஸுகளில் பாதிப் பேருக்கு டியூட்டி விளையாட்டு மைதானத்தில்தான். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே ஒரு மருத்துவமனையையே கூடாரத்துக்குள் மடித்துக்கொண்டு வந்து விரித்துவிட்டார்கள். ஏசி ஓடுகிறது. எங்கள் வார்டில் மின்விசிறி சுற்றினாலே அதிசயம்.

அவர்களுடைய எலும்பு டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் நெட்டை டாக்டர். தினமும் கூடார வாசலில் தலையை இடித்துக்கொள்கிறார். தினமும் சிரிக்கிறார். அவருடைய அரைகுறை ஆங்கிலமும் என்னுடைய அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு முழு பாஷை வருகிறது.

தங்கையின் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்திருக்கிறது. எங்கள் எலும்பு டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, "மாவுக்கட்டு போட்டா ஒட்டிக்கும்மா. கொஞ்சம் கட்டையாப் போகலாம்" என்று சொல்லியிருந்தார். நெட்டை டாக்டரோ எலும்பில் கம்பி இறக்கி வெளியே ஒரு சட்டம் மாட்டினால் கால் பழையபடி ஆகிவிடும் என்கிறார். தங்கை தையல்காரி. மிஷினை மிதிக்கிற கால் அது. அவளுக்கு ஒரே பயம். "வீடு தேடி வந்து செய்யறேங்கறாங்க, வேணாங்கறியே. நான் பக்கத்துலயே நிக்கறேன்டி" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

மார்ச் 11, புதன்

நல்லபடியாக முடிந்தது. காலைப் பார்த்து, "என்னக்கா, ஆண்டெனா மாட்டி விட்டுருக்கீங்க, படம் தெரியுமா?" என்றாள். அப்பாடா, வாய் திரும்பிவிட்டது.

எலும்பு ஒட்ட ஒட்ட, சட்டத்தின் திருகுகளை வாரா வாரம் இறுக்க வேண்டுமாம். அதற்கென்று சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சாவி. டாக்டர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். மூன்று மாதம் இருப்போம், மாட்டிய நானே கழற்றிவிட்டுத்தான் போவேன் என்றார்.

மார்ச் 18, புதன்

முதல் தடவை இறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு உலக விஷயமெல்லாம் அத்துப்படி. "இவ்வளவு செலவு பண்ணி எதுக்கு வந்திருக்காங்கன்னு நெனைக்கறே? புதுத் துறைமுகம் கட்டற வேலைக்கு ரெண்டு நாடு முட்டிக்குது. அதுல ஒண்ணு இவங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனுஷனுக்கு மனுஷன் செய்யறதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதா உங்களுக்கு?"

"மனுஷன் செய்வான். நாடு செய்யாது. கொழம்ப ஊத்து."

இவருக்கு எதிலும் குற்றம் கண்டுபிடித்தால்தான் சோறு இறங்கும். அந்த டாக்டர் நின்றபடியே ரொட்டி தின்றுவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போவதை நான் கண்ணால் பார்க்கிறேன். துறைமுகம் வேண்டும் என்று யாராவது அப்படி உழைப்பார்களா?

மார்ச் 25, புதன்

இரண்டாவது தடவை இறுக்கியாயிற்று. நன்றாக ஒட்டுகிறதாம். தங்கையின் தலையைத் தட்டி, அடுத்த புதன் பார்க்கலாம் என்றார்.

மார்ச் 26, வியாழன்

துறைமுக வேலையை அந்த இன்னொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். டிவி முழுக்க அதுதான். இனி தன் வேலை நிரந்தரம் என்று இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

மார்ச் 28, சனி

கூடாரத்தைப் பிரிக்கிறார்கள்.

காலையில் டியூட்டிக்குப் போனால் பாதி மைதானம் காலி. மேலிடத்து உத்தரவாம். ஓடிப்போய் டாக்டரைப் பிடித்தேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியையாவது கொடுங்கள் என்றேன். கருவிகளையெல்லாம் எண்ணித் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம். கெஞ்சினேன். நான்! எங்கள் பெரிய டாக்டரிடம்கூட இறங்கிப் போகாத நான்.

எப்போது தெரியும் உங்களுக்கு என்று கேட்டேன். பெட்டியைப் பூட்டினார். பிறகு, செவ்வாய்க்கிழமை என்றார்.

செவ்வாய்! புதன்கிழமைதானே என் தங்கையின் தலையைத் தட்டினார்? அன்றைக்கே இன்னும் இரண்டு பேருக்குச் சட்டம் மாட்டினாரே. கம்பியை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதானே.

மார்ச் 29, ஞாயிறு

தூக்கம் இல்லை. பொய்யா அவ்வளவும்? பொய்யென்றால் எத்தனையோ பேர் பிழைத்து எழுந்து போனார்களே, அது? நிஜமென்றால் இப்படி யாராவது பாதியில விட்டுட்டுப் போவாங்களா? போறவன் அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! மூணு மாசம்னு எதுக்கு வாயத் தொறந்தான்?

தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. டாக்டருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கம்பி இறங்கிய இடத்தில் சிவந்திருக்கிறது. சட்டம் ஆடுகிறது. எங்கள் எலும்பு டாக்டர் கையிலிருந்த சாவியெல்லாம் போட்டுப் பார்த்தார். "இது அவங்க அளவும்மா. கழட்டணும்னா கம்பிய அறுத்து எடுத்துடலாம். இறுக்கத்தான் வழியில்ல." நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அதே மைதானம், புதுக் கூடாரம். துறைமுக வேலை கிடைத்த நாடு. இவர்களுடையது முன்னதைவிடப் பெரிது. நர்ஸுகளை வரிசையாக நிறுத்திக் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். கொஞ்சம் சிரிங்க என்றான் போட்டோகிராபர். சிரித்தேன்.

அவர்களுடைய டாக்டரம்மாவிடம் தங்கையைப் பற்றிச் சொன்னேன். மற்றவர்கள் மாட்டிய சட்டத்தை இறுக்க மாட்டார்களாம். முழுக்க எடுத்துவிட்டுத் தங்களுடையதை மாட்டித் தருகிறார்களாம். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன். தேவைப்படும் வரை என்று அழகாகச் சிரித்தார். யாருக்குத் தேவைப்படும் வரை என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காய்ச்சல் பொய் என்பதையும். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப போன புதனே உனக்குத் தெரியுமா?"

"பயந்துடுவேன்னுதான்டி..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு இவரைக் கூப்பிட்டு, "மாமா, நம்ம எலும்பு டாக்டர்கிட்டயே மாவுக்கட்டு போட்டுக்கறேன். கட்டையாப் போனா போகட்டும். அவரு வீடு தெருக்கோடியிலதான் இருக்கு" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

காலையிலேயே கூட்டிப் போனோம். மாவுக்கட்டு அறையில் கையுறையை எடுத்து மாட்டினேன். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பார்த்தாள்.

"நீ வெளிய இருக்கா. மாமா பக்கத்துல நிக்கட்டும்."

எலும்பு டாக்டர் கேட்காதது போலத் திரும்பிக்கொண்டார். இவர் உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கையுறையைக் கழற்றிவிட்டு, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். உள்ளே கம்பியை அறுக்கும் சத்தம் கேட்டது.