சத்தியம் பண்ணாதவளின் கையெழுத்து

ஜனவரி 9, 2014, வியாழன்

எங்கள் சரக்கு ரயில் கம்பெனியின் கணக்குத் துறைத் தலைவர் ஹோவர்ட் இனி வேலைக்கு வரமாட்டார். இதய அறுவை நன்றாகவே முடிந்தது, ஆனால் மருத்துவர் ‘உழைத்தது போதும்’ என்று சொல்லிவிட்டாராம். அவர் இடம் இனி எனக்கு. தற்காலிகமாக. நிதியைப் பார்க்கும் துணைத் தலைவர் கிரெய்க் டட்டன் அந்தத் ‘தற்காலிக’த்தை ஒரே பேச்சில் மூன்று தடவை சொன்னார். காது கேட்குதய்யா எனக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மெர்ல் கேட்டது: “சம்பளம் கூடுமா?”

“கூடாது.”

“ஹோவர்டோட நாற்காலியாவது கிடைக்குமா?”

“கிடைக்கும். பின்னால சாயுது.”

“அப்போ சரி, ஒத்துக்கோ.”

என் புருஷனுக்கு எல்லாமே உட்காருவது பற்றித்தான். பாவம், அந்த முட்டியை வைத்துக்கொண்டு வேறு எதைப் பற்றி யோசிப்பார்? ஏப்ரலில் புது முட்டி வைக்கிறார்கள். காப்பீடு என் வேலையில்தான் வருகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பனி கொட்டுகிறது. நியூட்டனில் வீட்டிலிருந்து விச்சிட்டா அலுவலகம் போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே பாதிப் பேர் இல்லை. நல்லதுதான். ஆண்டறிக்கையைத் தொடங்கினேன்.

பெரிய சரக்கு ரயில் கம்பெனிகள் எல்லாம் மார்ச் முடிவதற்குள் வாஷிங்டனில் இருக்கும் அரசு ரயில் வாரியத்துக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பங்குதாரர்களுக்குப் போகும் பளபளப் புத்தகம் வேறு. இது அந்த மாதிரி இல்லை. எத்தனை மைல் பாதை, டீசலுக்கு எவ்வளவு, கவிழ்ந்த பெட்டியைத் தூக்க எவ்வளவு, புதுப் பாலத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். சிலருக்குத் தூக்கம் வரும். எனக்குப் பிடிக்கும். ஆமாம், பிடிக்கும். அதற்கென்ன?

கடைசிப் பக்கத்தில் கணக்கைப் பார்க்கிறவரும், அடுத்து கம்பெனித் தலைவரும், நோட்டரி முன்னால் ‘இதெல்லாம் உண்மை’ என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். இத்தனை வருஷம் ஹோவர்ட். இந்த வருஷம் நான். நாங்களோ மென்னோனைட் கிறிஸ்தவ சபை. எங்கள் வழியில் சத்தியம் செய்வது கிடையாது. ‘ஆமா’ என்றால் ஆமா, ‘இல்லை’ என்றால் இல்லை, அதற்கு மேல் பேச்சில்லை. சட்டமும் அதை ஏற்கிறது. ‘உறுதி சொல்கிறேன்’ என்றால் போதும்.

வரவேற்பில் இருக்கும் பெவர்லிதான் எங்கள் நோட்டரி. அவளிடம் சொல்லி வைத்தேன்.

“சரி, கடவுள் பேரும் வேண்டாம், கையும் தூக்க வேண்டாம். மூச்சாவது விடுவியா?” என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போன கோடையில் காட்டன்வுட் ஆற்று வெள்ளம் கரையை அரித்து எங்கள் பாதையைத் தொங்க விட்டுப் போனது. மண்ணும் கல்லும் கொட்டி, அதே தண்டவாளத்தை அதே இடத்தில் தூக்கி வைத்தார்கள். அது பழுதுபார்ப்பு. செலவு முழுக்க அந்த வருஷத்துத் தலையில்தான் விழ வேண்டும். லாபம் குறையும். குறையட்டுமே!

டட்டன் இன்று கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார், அதைப் பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தின் செலவோடு சேர்த்துவிடலாமாம். பாலத்தின் செலவு பல வருஷத்துக்குப் பரவும். இந்த வருஷ லாபம் அழகாக இருக்கும், மேலே இருப்பவர்களின் போனஸும்தான்.

“ஒரே இடம், ஒரே கோடை, லோரீன். யார் பிரிச்சுப் பார்க்கப்போறாங்க?”

“ஒரே வீட்டுல கல்யாணமும் சாவும் வந்தா ரெண்டுக்கும் ஒரே பந்தியா போடுவீங்க?”

சிரித்தார். அப்புறம் சொன்னார்: “உங்க ஆளுங்கதான் சத்தியமே பண்றதில்லையே! வெறும் ‘ஆமா’தானே சொல்லப்போறீங்க? அதுல என்ன வந்துடப்போகுது?”

என்ன வந்துடப்போகுதா! அதற்காகத்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தாரா இந்த மனுஷன்? என் வாயில் வரும் சொல்லுக்கு எடையே இல்லை என்று நினைத்தா? முகம் கொதித்தது. “என் கையால போடமாட்டேன்” என்றேன். மாலையில் பார்த்தால் பாலத்துக் கணக்கில் அவரே போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 19

கோபம் இறங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சபை முடிந்து வந்து சாயங்காலச் சிற்றுணவு. இரட்டைத் தலை ரொட்டி, சீஸ், பிளம் ஜாம், காப்பி. மெர்ல் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“வேலை போயிட்டா காப்பீடு போயிடும்” என்றேன். “உங்க முட்டி—”

“என் முட்டிக்காக நீ ஒண்ணும் பண்ணாதே.”

“ஏன்?”

“நாளைக்குச் சண்டை வந்தா ‘உங்க முட்டிக்காகத்தானே பொய் சொன்னேன்’னு சொல்லிக்காட்டுவே. சாகிற வரைக்கும் என்னால அதைக் கேட்டுட்டு இருக்க முடியாது.”

சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 14, வெள்ளி

எல்லாவற்றையும் நானே தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்? அந்தப் பகுதிப் பாதைக்குப் பொறுப்பாளர் டைரெல் கெய்ன்ஸைக் கூப்பிட்டேன்.

“அங்க புதுசா ஏதாவது போட்டீங்களா டைரெல்?”

“எங்க மேடம்! கனமான தண்டவாளம் கொடுங்கன்னு கெஞ்சினேன். பைசா இல்லைன்னுட்டாங்க. பழசையே தூக்கி வெச்சோம். ஏன், இப்போ தரப்போறீங்களா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பெனித் தலைவர் ப்ரூயிட்டைப் பார்க்க நேரம் கேட்டேன். டெக்சாஸில் இருக்கிறாராம், கையெழுத்து நாளன்றுதான் வருவாராம்.

மார்ச் 20, வியாழன்

டட்டன் இன்று சிரிக்கவில்லை. “ஏப்ரல்ல கணக்குத் துறைக்கு நிரந்தரத் தலைவரைத் தேடுவோம். வர்றவர் தன் ஆளுங்களோட வரலாம். உங்க இடத்துக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. யோசிங்க.”

யோசிக்கிறேன். வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? பயமாத்தான் இருக்கு. ஐம்பத்தெட்டு வயசுல எவன் எனக்கு வேலை கொடுப்பான்? இருந்தாலும் அந்த ‘ஆமா’வைச் சொல்ல மனசு வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

தலைவர் அறை. ப்ரூயிட், டட்டன், முத்திரையோடு பெவர்லி, நான். ப்ரூயிட் விமானத்திலிருந்து நேராக வந்திருந்தார், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது.

பெவர்லி குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: “இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்கிறீர்களா?”

“இல்லை” என்றேன்.

முத்திரை அவள் கையில் அந்தரத்தில் நின்றது. “ஐயோ, இதுக்கு என்ன பண்ணணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே!” என்றாள்.

“எது உண்மை இல்லை?” என்று கேட்டார் ப்ரூயிட். சொன்னேன். வெள்ளம், பாலம், பழைய தண்டவாளம் எல்லாம். குரல் உடைந்தது, ஆனாலும் முடித்துவிட்டேன்.

டட்டன், “அது பார்க்கிற பார்வையைப் பொறுத்தது” என்றார்.

“பழைய தண்டவாளம்தானா? அதை மட்டும் சொல்லு, கிரெய்க்.”

“...ஆமா.”

ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இவங்களுக்கு அடுத்து கையைத் தூக்கப்போறது நான். இவங்க வெறும் வாயால சொல்லவே கூசுறதை நான் கடவுள் பேர்ல சத்தியம் பண்ணணும். அப்படித்தானே?”

அறிக்கையை டட்டன் பக்கம் தள்ளினார்.

“திங்கட்கிழமைக்குள்ள மாத்துங்க. லாபம் குறைஞ்சதுக்கு என்ன சொல்றதுன்னு நான் பார்த்துக்கறேன்.” பிறகு என்னிடம்: “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“பதினாலாம் தேதியே நேரம் கேட்டேன், மிஸ்டர் ப்ரூயிட்.”

“ஓ” என்றார். கொஞ்சம் சிவந்தார்.

மார்ச் 31, திங்கள்

அதே அறை, அதே கேள்வி. “ஆமா” என்றேன். எவ்வளவு சுகமான சொல்! பெவர்லி ‘டப்’பென்று முத்திரை குத்திவிட்டு, “இதை முதல்லயே சொல்லியிருந்தா என் வாரக்கடைசி நல்லா இருந்திருக்கும்” என்றாள். அறிக்கை வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் 12, சனி

ஹட்சின்சனில் சபையின் நிவாரண நிதிக்கான விற்பனை. பாலாடைக் கொழுக்கட்டை வாங்க வரிசையில் நின்றபோது ஹோவர்டைப் பார்த்தேன், இளைத்திருக்கிறார். “ப்ரூயிட் ஃபோன் பண்ணார்” என்றார். “என்ன கேட்டார்?” என்றேன். “நீ எப்பவுமே இப்படித்தானான்னு. ஆமா, பழகிக்கோங்கன்னுட்டேன்.”

ஏப்ரல் 22, செவ்வாய்

மெர்லுக்குப் புது முட்டி வைத்து ஒரு வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் அதிகாரம் பண்ணுகிறார். மருத்துவமனைக் கணக்கைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. ‘தற்காலிக’ இன்னும் என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. துறைக்குப் புதுத் தலைவர் தேடி விளம்பரம் எதுவும் வரவில்லை.

வாரியத்துக்குக் காலாண்டுக் கணக்கு இந்த மாதக் கடைசியில் போக வேண்டும். காலையில் டட்டன் வரைவை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை. பென்சிலை நீட்டி, “எதுக்கெல்லாம் ‘இல்லை’ சொல்லப்போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. ப்ரூயிட் முன்னாடி வேண்டாம்” என்றார்.

“உட்காருங்க” என்றேன்.

முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, ஒரு வரியை அவரே அடித்தார்.