தங்கச்சி மகளுக்கு நான் கட்டிய குடிசை

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. சமையல்கட்டுத் தகரம் ஒன்று பறந்து கிணற்றடியில் கிடந்தது. ஒற்றை ஆளாகத் தூக்கி வந்து ஆணி அடித்தேன். நாலு பேர் தூக்கும் தகரம். (இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம்.)

பாக்கி வேலை: அரிசியை வெயிலில் போடுவது. விறகுக்காரனைத் திட்டுவது. பெண்கள் விடுதிக் கதவுக் கொண்டி. சுவருக்குச் சுண்ணாம்பு. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்சன்.

இந்த இன்ஸ்பெக்சன் பேச்சு வந்ததிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கம் இல்லை. தங்கச்சி புருஷன். தாளாளர். பி.ஏ., பி.டி. நான் எட்டாவதோடு நின்றவன், மெஸ் மேனேஜர். ஆனால் சூலூரைத் தாண்டி இந்தத் தென்னந்தோப்புக்குள் ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது யார் கையால்? கடைக்காலுக்கு முதல் கடப்பாறை போட்டவன் நான். வெளியில் கேட்டால் கட்டடம் முழுக்க நானே கட்டியதாகச் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். விடுதியில் அறுபது பிள்ளைகள். ஊருக்குள் இருநூறு என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நானே.

மாலை: சரசு எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். வெளியே வெயிலில் சுமதி. சரசு என் தங்கச்சி. சுமதி அவள் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை. வீட்டுப்பாடம் எழுதவில்லையாம். இரண்டு பீரியடு நிற்க வைத்துவிட்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்ன கண்ணு ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. டீச்சர் நிக்கச் சொன்னாங்க."

டீச்சராம்! பெற்றவளை! இது மாப்பிள்ளை போட்ட ரூல். தாளாளர் பிள்ளைக்குத் தனிச் சலுகை கூடாது. விடுதியில்தான் படுக்கை, பந்தியில்தான் சாப்பாடு. பள்ளி நடக்கும் நாளில் அம்மா டீச்சர், அப்பா சார். வீடு எங்கே இருக்கிறது? கிணற்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். எனக்கு வயிறு எரிகிறது. ராத்திரி ரசம் வேறு புளித்துப்போனது.

ஆவணி 11, புதன்

இன்றைக்கு என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒரு பகுதி மட்டும் எழுதுகிறேன்.

மத்தியானம் சமையல்காரி பழனாத்தாள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்கய்யா, உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியலீங்க. சுமதி அம்மணி பெரிய மனுசி ஆயிருச்சுங்க. திங்கக்கெழமயேங்க."

திங்கட்கிழமை! தாய்மாமன் நான் இருபது அடி தள்ளி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்!

விடுதி வழக்கம் இது: எந்தப் பெண்பிள்ளை சமைந்தாலும் பழனாத்தாளிடம்தான் சொல்ல வேண்டும். பழனாத்தாள் ஆபீசில் சொல்வாள். ஆபீசிலிருந்து பெற்றவர்களுக்குத் தகவல் போகும், அவர்கள் வந்து கூட்டிப் போவார்கள். சுமதியும் ஒழுங்காகப் பழனாத்தாளிடம் சொல்லியிருக்கிறாள். பழனாத்தாளும் ஒழுங்காக ஆபீசில் சொல்லியிருக்கிறாள்.

"சாரு என்ன சொன்னாரு?"

"'சரி, இன்ஸ்பெக்சன் முடியட்டும், பெத்தவங்களுக்குச் சொல்லிக்கலாம்'னாருங்க."

பெத்தவங்களுக்கா? பெற்றவனே அவன்தானே! நாற்காலியில் உட்கார்ந்தால் மகள் யார் என்று மறந்துபோகுமா? சரசுவுக்கும் சொல்லவில்லை. அவள் பிள்ளையை வெயிலில் நிறுத்தியது அதே நாள்.

நேராகச் சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கைகட்டி மேற்பார்வை.

"ஏனுங் மாப்ள, எந்தங்கச்சி மக சமஞ்சு உக்காந்திருக்குது. தாய்மாமன் இங்கயே கரண்டி புடிச்சுட்டு நிக்கறேன். எனக்குச் சொல்றதுக்கு உங்களுக்கு வாயில்லீங்களா?"

"மச்சான், மெதுவாப் பேசுங்க. புள்ளைங்க சாப்புடுது."

"சாப்புடட்டும்! கேட்டுட்டே சாப்புடட்டும்! சீர் செய்யற மாமனுக்கே நோட்டீஸ் போர்டு பாத்துத்தான் தெரியோணுமா?"

மாப்பிள்ளையை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் சுமதி. எச்சில் கையோடு எழுந்து ஓடினாள். பையன்கள் பக்கம் ஒரு சிரிப்பு. யார் என்று தெரிந்தால் இந்த வருஷம் முழுக்க அவனுக்கு முட்டை கிடையாது.

சாம்பார் வாளியோடு சரசு.

"நெசமாண்ணா?"

"ஆமா."

"திங்கக்கெழமையா?"

"ஆமா சரசு."

வாளியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்ப் பரிமாறினாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

சாயங்காலம் சுமதியைப் பார்க்கப் போனேன். என்னோடு பேசமாட்டாளாம். எனக்காகவா கத்தினேன்? இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நன்றி கிடையாது.

ஆவணி 12, வியாழன்

சாரல். விடிந்ததும் அரிவாளோடு தோப்புக்குள் போனேன். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும், பிள்ளை அதில் தனியாக உட்கார வேண்டும். எங்கள் வழக்கம். இதற்கு எந்த பி.டி.யிடமும் நான் கேட்க வேண்டியதில்லை. மரத்தில் நானே ஏறினேன், குரங்கு மாதிரி. (பாதி மரம். மீதியை ஆள் விட்டு வெட்டினேன். பாதத்தில் சிராய்ப்பு.)

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள குடிசையா? நாளைக்கு ஆபீசர் வர்றாருங்க மச்சான்!"

"வரட்டும். அவருக்கும் ஒரு பாய் போடறேன்."

"இந்தக் காலத்துல இதெல்லாம் படிச்சவங்க செய்யற வேலையா?"

"நான் படிக்கலீங்களே. அதுனால நான் செய்யறேன்."

சரசு வந்தாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"கட்டுங்கண்ணா. வாசல் கெழக்கப் பாத்து வையுங்க."

கட்டினேன் பாருங்கள் ஒரு குடிசை! கோயமுத்தூர் ஜில்லாவில் எந்த மாமனும் கட்டியிருக்க மாட்டான். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. அது காற்றின் வேலை. வாசலுக்குக் குறுக்கே உலக்கை வைத்தேன். சரசு விடுதிக்குப் போய்ப் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். உள்ளே விட்டுவிட்டுத் திரும்புவாள் என்று பார்த்தால் அவளும் நுழைந்து உட்கார்ந்துவிட்டாள்.

பழனாத்தாள்: "அம்மா உள்ள உக்காரோணும்னு இல்லீங்களே."

"நான் உக்காருவேன்."

எட்டாம் வகுப்புக்கு இன்று கணக்கு இல்லை. சரசு வகுப்பு எடுக்காதது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

பின்பக்கம் கயிறு இறுக்கிக்கொண்டு நின்றேன். கயிறு ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. உள்ளே பாய் விரிக்கும் சத்தம். அப்புறம் சரசு:

"அன்னிக்கு வயிறு வலிச்சுதா?"

"ஆமாங்க டீச்சர்."

"இங்க டீச்சர் இல்ல சாமி. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"பழனாத்தாக்காகிட்டத்தான் சொல்லோணும்னு ரூலுங்க."

சாரல் மட்டும் ஓலையில். பிறகு, என் காதில் சரியாக விழுந்ததா என்று கூடத் தெரியவில்லை, அவ்வளவு சின்னக் குரல்: "அம்மா, காலு மரத்துப்போச்சு."

"எம்மேல நீட்டிக்க."

கண்ணில் தும்பு விழுந்துவிட்டது. பச்சை ஓலையில் தும்பு ஏது என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஆவணி 13, வெள்ளி

ஆபீசர் வந்தார். ஜீப். கண்ணாடி. கூட ஒரு கிளார்க். வகுப்பு பார்த்தார், கக்கூஸ் பார்த்தார், என் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் பேச்சில்லை. (நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக ஊரில் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர்தான் கேட்டார்.) திரும்பும்போது குடிசை கண்ணில் பட்டுவிட்டது.

மாப்பிள்ளை முகத்தில் ஈ ஆடவில்லை. நான் விடுவேனா?

"கைத்தொழில் வகுப்புங்க சார். ஓலைப் பின்னல். நான்தான் மாஸ்டர்."

ஆபீசர் உலக்கையைப் பார்த்தார். சிரித்தார்.

"எங்க ஊர்லயும் இந்தக் கைத்தொழில் உண்டுங்க. நானே ரெண்டு கட்டியிருக்கேன். கொழந்தை ஆருதுங்க?"

நல்ல மனுஷன். ஆசையாகக் கேட்டார். மாப்பிள்ளை சொன்னார்:

"ஹாஸ்டல் ஸ்டூடண்ட் சார். வெளியூர்."

ஓலைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னது அந்தப் பக்கம் கேட்காதா? உள்ளே வளையல் சத்தம் சட்டென்று நின்றது. சரசு பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டு இருந்தாள்.

ஜீப் போனதும் மாப்பிள்ளை சட்டையைப் பிடித்தேன். (பிடிக்கப் போனேன். பழனாத்தாள் நடுவில் வந்துவிட்டாள்.)

"குடும்பத்தோட காம்பவுண்டுக்குள்ள குடியிருக்கறோம்னு எழுதிப்போட்டா அங்கீகாரம் போயிருங் மச்சான். வாய்ல வந்துருச்சு."

"உங்க பயத்துக்குப் பெத்த புள்ள வெளியூராயிப் போச்சா?"

ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானச் சோற்றை அனுப்பவில்லை நான். பட்டினி கிடக்கட்டும். சரசு சொல்லி மூன்று மணிக்குப் பழனாத்தாள் கொண்டுபோனாள். இந்தப் பெண்களை என்ன சொல்வது!

ஆவணி 22, ஞாயிறு

வெயில். சீர்.

ஐம்பத்தொரு தட்டு, சிங்காநல்லூரிலிருந்து மேளம், குதிரை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நேற்று சுமதி குடிசைக்குள்ளிருந்து: "மாமா, கொட்டு வேண்டாங்க. பசங்க பாப்பாங்க." கோபம் தலைக்கேறியது. மாமன் மரியாதை என்னாவது? "ஏற்கெனவே ஒருக்கா எல்லாரும் கேட்டாச்சுங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது தட்டு. மேளம் இல்லை. இவ்வளவு சின்னதாக ஒரு காரியம் நான் செய்ததே கிடையாது. ஆனால் பச்சைச் சேலையில் பிள்ளை! ஜில்லாவிலேயே இல்லை. இது மட்டும் கூட்டிச் சொல்வதில்லை.

மாப்பிள்ளை இஸ்திரிச் சட்டையில் ஓரமாக நின்றார். சுமதி காலில் விழுந்தாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க சார்."

மனுஷன் சொன்ன பதில்: "இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான கண்ணு. அப்பான்னே கூப்புடலாம்."

அனுமதி கொடுக்கிறார்! கையிலிருந்த மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கொட்டாதது என் பெருந்தன்மை.

குடிசையைப் பிரித்துத் தோப்பு ஓரத்தில் கொளுத்தினோம். ஓலை சடசடவென்று எரிந்தது. சுமதி பக்கத்தில் வந்தாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"உசுரக் கேளு."

"ஈரோட்டுப் பக்கம் சிஸ்டருங்க நடத்தற பள்ளிக்கூடம் இருக்குதுங்களே. அங்க சேத்தி உடுங்க. ஹாஸ்டல்ல."

"இன்னொரு ஹாஸ்டலா? வேண்டாம் அம்மணி. சிங்காநல்லூர்ல எம்பட ஊட்ல இருந்து படி. உங்க அத்தை தங்கமாப் பாத்துக்குவா."

"இல்லீங்க மாமா. அங்கயும் ரெண்டாவது ஞாயித்துக்கெழம பெத்தவங்க பாக்க வருவாங்களாம்." நெருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்க இருந்தா, அம்மா என்னையப் பாக்க வரும்."

இங்கேயும் ரெண்டாம் ஞாயிறு உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் ஆள் வரும், பொட்டலம் வரும். சுமதி வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு நிற்பாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று வந்தவர்களிடம் நானே பீற்றிக்கொண்டிருக்கிறேன்.



ஆவணி 24, செவ்வாய்

ஆபீசில் சண்டை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தாளாளர் புள்ளையே இங்க படிக்கலீன்னா எவன் மச்சான் இங்க புள்ளைய அனுப்புவான்? பள்ளிக்கூடத்த மூடிட்டு நான் மாடு மேய்க்கறதா?"

"மேயுங்க! மாடாவது அம்மான்னு கத்தும்!"

நன்றாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கோபத்தில் நான் வேலையை விடுகிறேன் என்றேன். "சோறு ஆரு மச்சான் ஆக்கறது?" என்றார், உண்மையான கவலையோடு. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

சரசு கதவில் சாய்ந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவ போகட்டுங்க. இல்லீனா நானும் சேந்தே போறேன். கணக்குக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். டி.சி.யில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் காகிதத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிடுங்கித்தான் எடுத்தேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் சேர்க்கை. விறகு இன்னும் வரவில்லை. அந்த விறகுக்காரனை என்றைக்காவது ஒரு நாள்.

புரட்டாசி 26, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

ரெண்டாம் ஞாயிறு. நம் பள்ளியிலும் இதே நாள்தான், டீச்சர்கள் எல்லோரும் இருந்தாக வேண்டும் என்பது ரூல். சரசு லீவு கேட்கவில்லை. காலையில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை கேட் வரைக்கும் வந்தார். என்னமோ சொல்ல வந்தவர், "ஒப்பிட்டு எடுத்துக்கிட்டயா?" என்று, பிள்ளைக்குச் சுட்ட போளியைப் பற்றி மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கண்டக்டரோடு சண்டை. சில்லறைக்காக இல்லை, சரசு காலை மிதித்துவிட்டான். பக்கத்தில் நின்றவரிடம் எங்கள் பிள்ளை வகுப்பில் முதல் ரேங்க் என்றேன். புதுப் பள்ளியில் பரீட்சை இன்னும் வைக்கவில்லை.

ஈரோடு. அங்கிருந்து இன்னொரு பஸ். கான்வென்ட் கேட்டில் அந்த மாதிரிக் கூட்டம்! தூக்குப்போசி, பழக்கூடை, அழுகிற கைக்குழந்தைகள். வாட்ச்மேன் ஒருத்தன், மீசையும் தடியுமாக, ஒவ்வொருத்தராக விட்டுக்கொண்டிருந்தான். எங்கள் முறை வருவதற்குள் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நான் யார் தெரியுமா, பள்ளிக்கூடமே கட்டியவன் என்று ஆரம்பிக்கப் போனேன். சரசு என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆரப் பாக்கோணுங்க?"

"எட்டாவது. சுமதி."

"நீங்க புள்ளைக்கு என்னாகோணும்?"

"அம்மாங்க."

"சரி, உங்க பேரச் சொல்லுங்க."

"அம்மாங்க" என்றாள் மறுபடியும், பின்னால் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.