வாசல் வழி வந்த பானை

ஃபூசோ, படகுத்துறைச் சந்து
பன்னிரண்டாம் மாதம், நான்காம் நாள்

அன்புள்ள யுன்ஷியாவுக்கு,

உன் அப்பாவின் மனைவி சுன்மெய் எழுதிக்கொள்வது. நீயும் உன் கணவரும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘நீங்கள்’ என்று தொடங்கி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். ஏற்கெனவே ஆறு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறாய். மரியாதையும் சேர்ந்தால் இன்னும் தள்ளிப் போய்விடுவாய். பதினான்கு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கோபத்தோடாவது கடைசி வரை படித்துவிடு.

முதலில் அப்பா. எட்டாம் மாத நிலாத் திருநாள் முடிந்த வாரம் துறைப் படிக்கட்டில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். இதயம் தளர்ந்துவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. பாதி நாள் தூங்குகிறார். மீதி நாள் கண் திறந்திருக்கிறது, ஆள் இங்கே இல்லை. முப்பது வருடம் படகு ஓட்டிய மனிதர், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆற்றுக்குப் போய்விடுகிறார்.

தினமும் காலையில் ஒரே கனவைச் சொல்கிறார். ஆறு முழுக்க மூடுபனி. இவர் படகில் நிற்கிறார். அக்கரையில் நீ பானையோடு நிற்கிறாய். “மூடி இடுக்குல ஆவி வருது, நல்லாத் தெரியுது. படகுதான் நகர மாட்டேங்குது” என்கிறார். மறுநாள் படகு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அதற்கு மறுநாள் கரும்புச் சர்க்கரை வாசனை வருகிறதாம். கேட்டுக் கேட்டு எனக்கும் கூடத்தில் அந்த வாசனை வரத் தொடங்கிவிட்டது. துணி துவைத்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டேன் என்று ஓடுவேன். அடுப்பு குளிர்ந்து கிடக்கும்.

அந்தக் கனவில் நான் எங்கே என்று ஒருநாள் கேட்டேன், வெட்கத்தை விட்டு. “நீ வீட்ல அடுப்புகிட்ட இருப்ப, வேறெங்க போவ?” என்றார்.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். முதல் மாதம் இருபத்தொன்பதாம் நாள் கட்டிக்கொடுத்த மகள்கள் அம்மா அப்பாவுக்கு இனிப்புக் கஞ்சி கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் ஊர் வழக்கம். எங்கள் மலையில் அது கிடையாது. நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று காலை சந்து முழுக்கச் சர்க்கரை வாசனை. எல்லா வீட்டிலும் கிளறுகிறார்களே, நம் வீட்டுக்காரர் மட்டும் ஏன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று நானும் கிளறினேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மலைக்காரி என்று சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கர்வத்துக்குத்தான் இத்தனை வருடமும் பதில் சொல்கிறேன்.

உன் அப்பாவுக்கு வழக்கம் தெரியும். நீ உரும்ச்சியில் ஆலையில் இருக்கிறாய் என்று நினைத்தார். புதிதாக வந்தவள் மனம் கோணக் கூடாது என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நீ சொல்லாமல் ரயில் ஏறி வந்து, பக்கத்து வீட்டு ஷூ அக்காவின் அடுப்பில் விடியலிலிருந்து கஞ்சி கிளறிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. நீ பானையோடு உள்ளே வந்தபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “வயிறு நிறைஞ்சு போச்சும்மா, வெச்சுட்டுப் போ, சாயங்காலம் சாப்பிடுறேன்.”

நீ பானையை வைத்தாய். வைத்த வேகத்தில் மூடி வாசல்படியில் பட்டு ஓரம் உடைந்தது. அன்று மதியமே நீ ரயிலேறிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. ஆறிப் போன கஞ்சியை அவர் பானையோடு மடியில் வைத்துக்கொண்டு மாலைக்குள் முழுக்கச் சாப்பிட்டார். ஒரு வாய் எனக்குத் தரவில்லை. இரண்டு நாள் வயிற்று வலியில் படுத்துக் கிடந்தார். கஷாயம் வைத்துக் கொடுத்தது நான்தான்.

அந்த வருடக் கடைசியில் உரும்ச்சி முத்திரையோடு ஒரு துணிப்பை வந்தது. உள்ளே காய்ந்த சிவப்பு இலந்தை, கட்டை விரல் பருமன். கடிதம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதினோராம் மாதமும் வந்தது. உன் மனதில் என்ன இருந்ததோ, நான் அந்த இலந்தையைப் போட்டுத்தான் கஞ்சி வைத்தேன். வேர்க்கடலையை முதல் நாளே ஊற வைத்து, ஒட்டரிசி, கரும்புச் சர்க்கரை, சேற்றுக் கிழங்கு, மேலே எள். உன் பானையிலேயே ஊற்றி, பின்வாசல் வழியாக ஷூ அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவர் அதை எங்கள் முன்வாசல் வழியாகக் கொண்டுவந்து, “யுன்ஷியா சொல்லி அனுப்பினா, சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க” என்பார். உன் அப்பா சந்து முழுக்கக் கேட்கும்படி, என் மகள் கைப்பக்குவம் வருடத்துக்கு வருடம் கூடுகிறது என்று பெருமை அடித்துக்கொள்வார். நான் அடுப்படியில் நின்று உன்மேல் பொறாமைப்படுவேன். சிரிக்காதே, உண்மை.

போன வாரம் அவர் கூப்பிட்டார். அன்று நல்ல தெளிவாக இருந்தார். “இந்த வருஷம் ஷூ அக்காவை நடக்க விடாத. அவங்களுக்கு முட்டி வலி. எங்க வீட்டுப் பானையை எங்க வீட்டுக்கே எத்தனை வருஷம்தான் தூக்கிட்டு வருவாங்க?” என்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் வருடமே தெரியுமாம். உடைந்த மூடி நம் வீட்டு மூடிதானே என்றார். தெரிந்துகொண்டே சாப்பிட்டீர்களா என்று சண்டைக்குப் போனேன். “இலந்தை அவளோடதுதானே. அவ அனுப்பினதை நீ வேக வெச்ச. இதுல பொய் எங்க இருக்கு?” என்று கேட்டார். உங்கள் ஊரில் பண்டிகைக்கு வைக்கும் சேப்பங்கிழங்கு இனிப்பு ஆவியே இல்லாமல் பச்சைத் தண்ணீர்போல இருக்கும், வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். இத்தனை வருடம் அப்படி ஒரு மனிதரோடுதான் குடித்தனம் செய்திருக்கிறேன்.

இந்த வருடம் இலந்தை வரவில்லை, யுன்ஷியா. தபால்காரரை மூன்று முறை நிறுத்திக் கேட்டுவிட்டேன். கடையில் வாங்கிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். “அவளோடது ஒண்ணுகூட இல்லாத கஞ்சியை நான் ஏன் குடிக்கணும்? கனவுல வர்றாளே, அது போதும்” என்கிறார்.

புத்தாண்டு பிறந்தால் அவருக்கு அறுபத்தொன்பது. ஒன்பதில் முடியும் வயது எப்படிப்பட்ட வயது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் மகள் கஞ்சியோடு நீளச் சேமியாவும் பன்றிக்காலும் வாத்து முட்டையும் கொண்டுவந்து தந்தால்தான் ஆள் அந்த வருடத்தைத் தாண்டுவார் என்கிறார்கள். மலைக்காரி நான், இதையெல்லாம் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன். காலையில் அவர் கனவு சொல்லி முடிக்கும்போது படகு எவ்வளவு தூரம் வந்தது என்று கேட்கிறேன். நேற்று, கரை கைக்கெட்டும் தூரம் என்றார். எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருக்கிறது. அவர் அங்கேயே போய் உன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்போல.

நீ வர வேண்டும். என்னை மன்னிக்க வேண்டியதில்லை, கூப்பிடவும் வேண்டியதில்லை. இதுவரை என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை, அப்படியே இருக்கட்டும். அடுப்படியை உனக்கு விட்டுவிட்டு நான் ஷூ அக்கா வீட்டில் இருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்றால் ஒரு பிடி இலந்தையாவது அனுப்பு. உன் குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அந்த ஊர்ப் பனி பொல்லாதது என்கிறார்கள்.

உன் குடும்பம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
லியாவ் சுன்மெய்

*

உரும்ச்சி
முதல் மாதம், ஆறாம் நாள்

வணக்கம்.

உங்கள் கடிதம் புத்தாண்டுக்கு முதல் நாள் வந்தது. பதில் எழுத ஆறு நாள் ஆனது. என் மகள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “அம்மா, நாம அனுப்பின இலந்தையை நிஜமாவே சாப்பிட்டிருக்காங்க” என்றாள். பதின்மூன்று வருடமும் அவை ஏதோ ஜாடியில் கிடந்து புழு அரித்துப் போகின்றன என்று நினைத்திருந்தேன். யாரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் இந்த வருடம் அனுப்பவில்லை. வேறு காரணம் இல்லை.

அவர் அந்தக் கஞ்சியை ஆறின பிறகும் சாப்பிட்டார் என்ற இடத்தை மட்டும் நான்கு முறை படித்தேன்.

ஆலையில் லீவு கொடுத்துவிட்டார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இருபத்தெட்டாம் நாள் மாலை ஃபூசோவில் இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், அவரைத் தனியாக விடக் கூடாது. அன்று ஷூ அத்தை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை வருகிறோம். அப்பாவிடம் இப்போது சொல்லாதீர்கள். கனவு சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் படகைக் கரையில் கட்டிவிடாமல் பேச்சை மாற்றுங்கள்.

இலந்தை என் பையில் இருக்கிறது, நல்லதாகப் பொறுக்கி எடுத்தேன். வேர்க்கடலை எனக்கு எப்போதும் அரைவேக்காடாகத்தான் வரும். அரிசியையும் கடலையையும் நீங்கள் ஊற வைத்துவிடுங்கள். விடியலில் பின்வாசல் வழியாக உங்கள் அடுப்புக்கு வருகிறேன். நீங்கள் எங்கும் போக வேண்டாம். நீங்கள் கிளறுங்கள், முன்வாசல் வழியாக நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். அந்த உடைந்த மூடியை மாற்றிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று காலை எழுந்ததும் பசிக்கிறது என்பார். எவ்வளவு கெஞ்சினாலும், நான் வரும்வரை அவருக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், சித்தி.

யுன்ஷியா