பதினாறாம் இலக்க யன்னலுக்குக் கீழே

ஒக்ரோபர் 3, 1998. சனி.

காலை முழுக்கத் தூறல். பின்னேரம் வெளித்தது.

அப்பாவோடு வேலை செய்த சிவம் அங்கிளின் செத்தவீடு. ஃபியூனரல் ஹோமில் கார் விட இடமில்லாத சனம். அம்மா தொண்டை கட்டும்வரை அழுதார். சிவம் அங்கிளை அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அது வேறு விஷயம்.

திரும்பி வந்ததும் வழக்கமான ஊர்வலம். முன்கதவால் போகக் கூடாது. பக்கக் கதவு, நேரே பேஸ்மென்ற், குளியலறை. நாலு துவாயும் மாற்று உடுப்பும் போகுமுதலே படியில் அடுக்கியாகிவிட்டது. அப்பா முதல், பிறகு அம்மா, பிறகு நான், கடைசியில் தம்பி. முழுகாமல் மேலே ஒரு கால் வைக்க ஏலாது.

தம்பிக்குப் பதின்மூன்று வயது. எல்லாவற்றுக்கும் நியாயம் கேட்கும் வயது.

“அங்க ஒருத்தரும் எங்களில கையே வைக்கேல்லை. எதுக்கு ஷவர்?”

“செத்தவீட்டால வந்தா முழுகிறது. அவ்வளவுதான்” என்றார் அப்பா.

“ஓக்கே. ஒரு வெள்ளைக்காரற்ற வீட்டை போயிட்டு வந்து, அவை பார்க்கப் பார்க்க உடன குளிச்சா? தட்ஸ் சோ ரூட், அப்பா.”

அப்பா சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பதினொரு வருஷத்துக்கு முதல், இதே ஒக்ரோபர், பழைய வீடு. வெளிக்குழாய். அயல்வீட்டு ஐரீன் அன்ரியின் யன்னல்.

கடவுளே, அதுதானா.

ஒக்ரோபர் 4. ஞாயிறு.

வெயில், ஆனால் சூடில்லை. செய்ய வேண்டியவை: சலவை, தம்பியின் கணக்கு, அம்மாவின் கண்ணாடிக்குப் புதுச் சட்டம். செய்தது: சலவை மட்டும், அதுவும் பாதி.

(இதைத் தமிழில் எழுதுவது தம்பிக்காக. அவனுக்கு வாசிக்க வராது. மேசையில் திறந்தபடி விடலாம்.)

பழைய வீடு. 14ஆம் இலக்கம். செங்கல் வரிசை வீடுகள், உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கென்று கட்டியவையாம். வேறொரு போரால் வந்த நாங்கள் அதில் வாடகைக்குப் போனோம். எனக்குப் பத்து வயது. நினைவில் நிற்பவை:

- கோடைகாலத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். யார் வீட்டில் யார் யாரைப் பேசுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.
- எங்களின் மீன் பொரியல் மணமும் எல்லாருக்கும் தெரியும்.
- பின்வளவில் வேலி கிடையாது. கொடிக்கம்பங்கள்தான் எல்லை.
- இரண்டு வீட்டுக்கு ஒரு வெளிக்குழாய்.

16ஆம் இலக்கம் ஐரீன் அன்ரியும் புருஷன் வோல்ட்டரும். வோல்ட்டர் அந்தப் போருக்குப் போய் வந்தவர். காலையில் படியில் இருப்பார். நான் பள்ளிக்கூடம் போகும்போது சல்யூட் அடிப்பார். நானும் அடிப்பேன். அவர் சிரித்து நான் கண்டதில்லை, ஆனால் ஒருநாளும் தவறவிட்டதுமில்லை.

முதல் குளிர்காலம், அம்மா ஊர் நினைப்பில் தோய்த்ததைக் கொடியில் காயப் போட்டார். ஜனவரி. அப்பா கட்டும் சாரம் உறைந்து பலகையாகிவிட்டது. ஐரீன் அன்ரி அதை அப்படியே நிமிர்த்தி, கையால் அணைத்துக்கொண்டு வந்து, நடனமாடுகிற மாதிரி எங்கள் குசினிக்குள் நிறுத்தினார். அம்மா கதிரையில் இருந்து சிரித்தார், கண்ணால் தண்ணீர் வர. இந்த நாட்டில் அம்மா முதன்முதல் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பாஷை இல்லாமல் இரண்டு பேரும் ஒரு வருஷம் சிநேகமாக இருந்தார்கள். அன்ரி பழைய குளிர்ச்சட்டை கொடுப்பார். அம்மா ரொட்டி கொடுப்பார். கொடிக்குக் கீழே நின்று ஆளுக்காள் தன் பாஷையில் கதைப்பார்கள்.

பிறகு வோல்ட்டர் செத்தார். பிறகு ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 5. திங்கள்.

வேலை. மருந்துக்கடையில் ஒரே இருமல் சனம். கால் உளைவு. மத்தியானம் இடியப்பம், பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு. இருபத்திரண்டு வயதிலும் மணத்துக்குப் பயம்.

வோல்ட்டர் செத்த நாள். விட்டால் மறந்துபோவேன், எழுதிவிடுகிறேன்.

காலையில் கதிரையிலேயே போய்விட்டார். கறுப்புக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது. “அயல் வீடு. போகாட்டி நாங்கள் மனிசரோ?” என்றார் அப்பா. நாலு பேரும் போனோம். தம்பி அம்மாவின் இடுப்பில்.

அம்மா உள்ளே போனதும் ஐரீன் அன்ரியைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்து அழுதார். அன்ரி அழவில்லை. அப்படியே விறைத்து நின்றார். பிறகு தட்டத்தில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொண்டுவந்தார். செத்தவீட்டில் வாயில் வைப்போமா? அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் இருந்தோம். எழும்பி, ஒரு சொல் சொல்லாமல் வெளியே வந்தோம். எங்களின் வழக்கம் அதுதான். செத்தவீட்டில் விடைபெறும்போது ‘போட்டு வாறன்’, போய் வருகிறேன், என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும்.

14இல் குளியலறை மேல்மாடி. வீடு முழுவதும் மிதித்துத்தான் போக வேண்டும். அப்பா ஒரு வாளியை எடுத்தார். பின்வளவுக் குழாயடியை அவர் கிணற்றடி ஆக்கிவிட்டார். அந்தக் குழாய் இருந்தது 16இன் குசினி யன்னலுக்கு நேர் கீழே.

“பிள்ளைக்குச் சளி பிடிக்கப் போகுது” என்றார் அம்மா.

“ஆளுக்கு ஒரு வாளி. கெதியா முடிஞ்சிடும், நீர் சும்மா இரும்” என்றார் அப்பா.

தம்பி கத்திய கத்து இன்றைக்கும் காதில். என் முறை. குளிரில் பல் அடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். ஐரீன் அன்ரி யன்னலில். கையில் அதே தேத்தண்ணித் தட்டம். நான் கை காட்டினேன். திரை இழுபட்டது.

அம்மா ஈரச் சேலையோடு நிற்கிறார், அதனால் மரியாதைக்கு இழுத்தார் என்று நினைத்தேன். பதினொரு வயது மூளை. ஒருவரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும்.

ஒக்ரோபர் 6. செவ்வாய்.

மழை. பஸ் இருபது நிமிஷம் பிந்தி.

அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஐரீன் அன்ரி ஏன் எங்களோட கதைக்காமல் விட்டவ?”

“உப்பிடித்தான் வெள்ளையள். நல்லாத்தான் இருப்பினம், பிறகு ஒரு நாளைக்குக் கதவைச் சாத்துவினம்.”

“நாங்கள் ஏதும் பிழை செய்தமோ எண்டு...”

“நாங்களோ? ஒரு சட்டி நிறையச் சோறு, பருப்பு, கத்தரிக்காய் வைச்சு அனுப்பினனான். நீதானே கொண்டுபோனது. கட்டின துணி அவிழ்க்காமல் விடிய எங்கட படியில கிடந்தது. சோத்தைத் திருப்பினவ, பிள்ளை. உதை நான் மறப்பனோ?”

உண்மை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல்தான் சாப்பாடு கொடுப்பது. அன்று பின்னேரம் நான்தான் கொண்டுபோய்த் தட்டினேன். திறக்கவில்லை. படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சட்டி எங்களோடு இரண்டு வீடு மாறிவிட்டது. கீழ்த்தட்டில், பின்னுக்கு. அம்மா அதில் ஒருநாளும் சமைத்ததில்லை. எறிந்ததுமில்லை.

குழாயடிக் கதையைச் சொன்னேன். யன்னல், தட்டம், திரை.

“விசர்க் கதை கதையாதை” என்றார். ஆனால் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஒக்ரோபர் 7. புதன்.

ரெலிபோன் புத்தகத்தில் ஐரீன் அன்ரியின் இலக்கம் பார்த்தேன். இன்னும் வோல்ட்டரின் பெயரில்தான் இருக்கிறது. அதே தெரு. மூன்று தரம் எடுத்து, மூன்று தரம் வைத்து, நாலாம் தரம் பேசினேன்.

“இரட்டைப் பின்னல்காரியா?” என்று கேட்டார்.

அங்கே எல்லாவற்றையும் இடிக்கப் போகிறார்களாம். பாதிச் சனம் போய்விட்டது. சனிக்கிழமை மகன் வந்து அவரைப் பிறம்ரனில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். மூன்று நாள்தான். நாளைக்கு வருகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 8. வியாழன்.

குளிர். வேலைக்குச் சுகமில்லை என்று பொய்.

தெருவில் முக்கால்வாசி யன்னலுக்குப் பலகை. 14க்கும்தான். கொடிக்கம்பம் நிற்கிறது, கொடி இல்லை. குழாய் இருக்கிறது, துருப்பிடித்து.

ஐரீன் அன்ரி குறுகிப்போய்விட்டார். வீடெல்லாம் பெட்டி. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் இன்னும் மெல்லச் சொன்னார்.

நான் சுற்றி வளைத்துத் தொடங்க முதலே, “உன் அப்பா உன் தலையில் தண்ணீர் ஊற்றினார்” என்றார்.

“ஓம்.”

“உங்களுக்காகத்தான் அந்தத் தேநீர் போட்டேன். ஒருவரும் தொடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனீர்கள். பிறகு என் யன்னலுக்குக் கீழே நின்று, குழந்தை உட்பட எல்லாரையும் கழுவினீர்கள். என் வீட்டில் அப்படி என்ன அழுக்கு என்று நினைத்தேன். வோல்ட்டரிடம் என்ன அழுக்கு?”

கடைசிக் கேள்வியில் குரல் உடைந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சொன்னேன். எல்லாவற்றையும். சொந்தத் தாய் தகப்பன் செத்தாலும் முழுகித்தான் வீட்டுக்குள் போவோம், போன சனிக்கிழமையும் முழுகினோம், சொல்லாமல் போவதுதான் மரியாதை, வாயில் ஒன்றும் வைக்காததும் மரியாதை. சொல்லச் சொல்ல எனக்கே மடைத்தனமாகத் தெரிந்தது. ஒரு வீட்டுக்குச் செய்யக்கூடிய மரியாதை எல்லாவற்றையும் செய்து அந்த மனுஷியை உடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அன்ரி பெட்டி ஒன்றின் ஒட்டுநாடாவை உரித்து உரித்து ஒட்டினார்.

“அந்தப் பாத்திரத்தில் என்ன இருந்தது?”

“சோறும் கறியும். செத்த வீட்டில் சமைக்கக் கூடாது. அயல்தான் கொடுக்க வேணும்.”

“அன்றிரவு நான் ஒன்றும் சாப்பிடவில்லை” என்றார். “வீட்டில் பிஸ்கற் மட்டும்தான் இருந்தது. அது உங்களுக்கு வைத்தது, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.”

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஒக்ரோபர் 9. வெள்ளி.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். அப்பா முதலில் சண்டைக்கு வந்தார்.

“வழக்கம் எண்டு ஒண்டிருக்கு. அதை நாங்கள் விடேலுமோ?”

“விடச் சொல்லேல்லை, அப்பா. அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“என்ர இங்கிலீசில அதை எப்பிடிச் சொல்லுறது?” என்றார். கொஞ்ச நேரத்தால், ஒருவரும் கேட்காமலே, “நான்தான் பைப்பைத் திறந்தது” என்றார்.

அம்மா முழுக்கதையிலும் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொண்டார்.

“அண்டைக்கு இரவு அவ சாப்பிடேல்லையாமோ?”

“இல்லையாம்.”

“தனியவோ இருந்தவ?”

“ஓம். மகன் அடுத்த நாள்தான் வந்ததாம்.”

அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “என்ர பக்கத்து வீட்டில ஒரு மனுசி பட்டினி கிடந்திருக்கு. நான் பதினொரு வருசம் அவவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறன்.” அழுதார். நேற்று நான் அழுத மாதிரி, சத்தமில்லாமல். பிறகு குனிந்து கீழ்த்தட்டைத் திறந்தார்.

ஒக்ரோபர் 10. சனி.

வெளிச்சமான நாள், நல்ல குளிர். தாங்ஸ்கிவிங் விடுமுறை என்று கடை பூட்டுமுதல், நேற்றிரவே அப்பா கத்தரிக்காய் தேடி மூன்று கடை ஏறி இறங்கினார்.

பத்தரைக்கு 16இன் முன்னால். மகனின் வான் நிற்கிறது. கதவைத் திறந்த ஐரீன் அன்ரி அம்மாவைப் பார்த்தார், பிறகு சட்டியைப் பார்த்தார். அதே துணியால் கட்டியிருந்தார் அம்மா. அதே துணியோ தெரியாது, அப்படித்தான் எனக்குப் பட்டது.

அம்மா வழியெல்லாம் ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு வந்தது எல்லாம் வாசலிலேயே போய்விட்டது.

“சாப்பிடுங்கோ” என்றார். அவ்வளவுதான்.

கோப்பைகள் எல்லாம் பெட்டிக்குள். அன்ரி சட்டி மூடியிலேயே சோறு போட்டு, பெட்டி மேல் இருந்து, தேத்தண்ணிக் கரண்டியால் சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் நின்று பருப்பு விட்டுக்கொண்டே இருந்தார். மகன் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பிறகு அன்ரி எழும்பி, கேத்திலைத் தேடி எடுத்து, தேத்தண்ணி போட்டார். இரண்டே குவளைதான் வெளியில். அப்பா ஒன்று, அம்மா ஒன்று. அப்பா சீனியில்லாமல் குடிப்பவரே இல்லை. சீனி இல்லாமல் அடிவரை குடித்தார்.

தம்பி யன்னலால் எட்டிப் பார்த்து, “இந்தப் பைப்பா? சீரியஸ்லி?” என்றான். அன்ரிக்கு விளங்கிவிட்டது. சிரித்தார். அம்மாவும்.

வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று அவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போட்டு வாறன்” என்றார், தமிழில், ஆறுதலாக. பிறகு இன்னொருதரம், “போட்டு வாறன், ஐரீன்.”

காரில் பாதி வழி வந்த பிறகுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது.

“இஞ்சரும், சட்டியை விட்டிட்டு வந்திட்டம்.”

“தெரியும்.”

“அவ பிறம்ரனுக்கெல்லோ கொண்டுபோகப் போறா?”

“ஓம்” என்றார் அம்மா. “அங்க போய் எடுப்பம்.”