செவ்வாய்க்கிழமை ஸ்டேக்

வீட்டுக்குள் வரும்போதே வெண்ணெயும் பூண்டுமாய் மணக்கும் என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பார்த்தால் திட்டு விழும். ஆனாலும் இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நீங்கள் இறந்துபோன பிறகு அம்மாவுக்கு விமான நிலையத்தில் மாலை ஷிப்ட்தான். வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடுகிறது. ஹோட்டலில் காலை ஷிப்ட் முடித்து வந்து எனக்குச் சமைத்துப் போட நீங்களும் இல்லை. அதனால் என்னை நாகர்கோவிலில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு. "இங்க தனியா கெடந்து ரொட்டியும் ஜாமும் தின்னுட்டு எத்தன நாளு இருப்ப மக்ளே?" என்று அம்மா கேட்டாள். சித்திக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டுமாம். அம்மாவை வடக்கே இந்த துவாரகா வீட்டில் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன் அப்பா?

சமைத்துக் காட்டிவிட்டால் அனுப்ப மாட்டாள் என்று தோன்றியது. சாம்பார் வைத்துக் காட்டினால் போதுமா? உங்கள் செவ்வாய்க்கிழமை விடுமுறைச் சாப்பாட்டையே, ஸ்டேக்கையும் க்ரீம் பாஸ்தாவையும்தான் செய்வது என்று முடிவு செய்தேன்.

போன வாரம் யாருக்கும் தெரியாமல் ஒத்திகை பார்த்தேன். பள்ளி விட்டு வரும் வழியில் உங்கள் கறிக்கடைக்காரரிடம் எருமைக்கறியில் அண்டர்கட் கேட்டேன். எலும்பில்லாத அந்த மெத்தென்ற பகுதியை அவரே தடிமனாக வெட்டிக் கொடுத்தார். நேரே கொண்டுவந்து கல்லில் போட்டேன். கறியே தண்ணீர் விட்டு, அதிலேயே கொதித்து, பழைய துணிபோல் வெளுத்துவிட்டது. அழுதுகொண்டே தின்றேன்.

உங்களுக்கு மட்டும் எப்படி அந்தப் பழுப்பு நிறம் வந்தது? யோசித்தபோது ஃப்ரிட்ஜ்தான் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை இங்கே கறிக்கடை மூடியிருக்கும் என்று திங்கட்கிழமையே வாங்கிவிடுவீர்கள். உப்புத் தடவி, கம்பித்தட்டில் மூடாமல் வைப்பீர்கள். "மூடி வையுங்க, பாலெல்லாம் நாறுது" என்று அம்மா சண்டை போடுவாள். நீங்கள் சிரிப்பீர்கள், மூட மாட்டீர்கள். கடை லீவுக்காகத்தான் முந்தின நாளே வாங்குகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க மேல்பக்கம் காயட்டும் என்றுதான் திறந்து வைத்தீர்களா? ஏன் சொல்லவே இல்லை?

இன்று செவ்வாய். நேற்றே வாங்கி, நீங்கள் செய்த மாதிரியே, அம்மா கண்ணில் படாமல் வைத்திருந்தேன். அம்மா வரும் நேரம் பார்த்து இரும்புக்கல்லைப் புகைய விட்டேன். துண்டை வைத்ததும் 'சுர்'ரென்றது. உடனே திருப்பிப் பார்க்கத் தோன்றியது. ஆனால் தொடவில்லை. திருப்பினால், அதே பழுப்பு! வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் போட்டு, உருகியதைக் கரண்டியால் மொண்டு மொண்டு மேலே ஊற்றினேன்.

அப்போது காலிங்பெல். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி. செவ்வாய் விரதம் இருப்பவர். கறி சமைப்பதை வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டால்?

"அரே பேட்டா, என்ன எரியுது?" என்று இந்தியில் கேட்டார்.

"எரியல ஆன்ட்டி. அப்பா செய்வாரே, அது."

துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். "உன் அப்பாவாவது, 'ஜன்னலைச் சாத்திக்கோங்க பாபிஜி'ன்னு கத்திட்டுத்தான் ஆரம்பிப்பார். நீயும் சொல்லிட்டுச் செய். ஜல்தி போ, உள்ள போய்ப் பார்."

கறி தட்டில் ஆறுவதற்குள் பாஸ்தாவில் க்ரீம், மிளகு, அது வெந்த தண்ணீர் கொஞ்சம் சேர்த்துப் புரட்டினேன். கதவைத் திறந்து வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி, இது ஆரு செஞ்சது?"

"நான்தான்."

ஒரு துண்டு வெட்டினாள். நீங்கள் செய்வதுபோலவே உள்ளே இளஞ்சிவப்பு. வெகுநேரம் மென்றாள்.

"பாஸ்தால உப்பு பத்தாது" என்று சொல்லி, இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் என் முன்னாலேயே சித்திக்கு ஃபோன் செய்தாள். "இல்லட்டி, இவ இங்கயே படிக்கட்டும். சோறா? எனக்கும் சேத்து அவதான் ஆக்குதா!"

நாளைக்கும் தனியாகத்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். பயம் போகவில்லை அப்பா. பயந்துகொண்டே சமைக்க வருகிறது, அவ்வளவுதான். அம்மா கதவைத் திறக்கும்போது வீட்டில் சூடாக ஏதாவது இருக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவோடு இருக்கும்,
உங்கள் மகள் ஜெனி