துர்சுனலிக்குக் கையால் ஊட்ட வேண்டாம்

அனுப்புநர்:
ஹோஸியத் எர்காஷேவா,
க/பெ. துர்சுனலி (ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்),
மாதுளைத்தோப்பு மஹல்லா, மர்கிலான்.

பெறுநர்:
சோதிக்ஜான் மமாஜானோவ் அவர்கள்,
மஹல்லா குழுத் தலைவர்.

பொருள்: வரும் ஞாயிறு தங்கள் மகன் கல்யாணப் புலாவ் விருந்தில் என் கணவருக்கு யாரும் கையால் ஊட்டாமல் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

புகார் யார் மீதோ அவரிடமே மனு கொடுப்பது முறையல்ல என்று தெரியும். தட்டுவதற்கு வேறு கதவு இல்லாததால் எழுதுகிறேன்.

1. பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவரால் சரியாக விழுங்க முடிவதில்லை. சோறும் தேநீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகின்றன. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காலமெல்லாம் ஸ்டியரிங்கும் சிகரெட்டுமாக இருந்தவர். இப்படிப்பட்டவர்களை நிமோனியா சுலபமாகப் பிடிக்கும் என்றார் மருத்துவர். ஆகவே நிமிர்த்தி உட்கார வைத்து, மசித்த உணவைக் கரண்டியால் கொடுக்கிறேன். வாயில் கிருமி சேராதிருக்க இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவுகிறேன்.

2. பெரியவர்களுக்குக் கையால் ஊட்டுவது நம் மரியாதை; மறுக்கவில்லை. தாங்கள் ஹஜ் முடிந்து வந்து கொடுத்த விருந்தில், புலாவை உருட்டித் தாங்களே அவருக்கு ஊட்டினீர்கள். "துர்சுனலி அண்ணே, வாயத் தொறங்க! ஒரு கவளத்துல யாரும் செத்துப் போயிட மாட்டாங்க" என்றீர்களாம். எல்லாரும் சிரித்தார்களாம். அவர் இருமக்கூட இல்லை. இருமியிருந்தால் உள்ளே இறங்கியது வெளியே வந்திருக்கும்.

3. மறுநாள் காய்ச்சல் இல்லை. என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பேருந்துச் சாவியைத் தேடினார். வயதானவர்களுக்கு நிமோனியா இப்படியும் வரும் என்று நான் அறியவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. இது இரண்டாம் முறை. இன்னொன்றைத் தாங்க மாட்டார் என்று மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

4. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "தலைவரு கைய நீட்டும்போது வாய மூடிக்கிட்டா, அவரு மூஞ்சில துப்புன மாதிரிடி. என்னைய என்ன மனுஷன்னு நெனச்ச?" என்கிறார். விருந்துக்கான மேலங்கியைத் தூசி தட்டி ஆணியில் மாட்டி வைத்தாகிவிட்டது. கல்யாணத்தின் விடியற்காலைப் புலாவ் விருந்து ஆண்களுக்கு மட்டும் என்பதால் கூடவே வந்து காக்கவும் வழியில்லை. எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. தங்கள் அன்பைச் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பைக் கண்டுதான் பயம்.

5. அவருக்கு முன்வரிசை இடமே கொடுங்கள். நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். மசித்த பூசணி கொடுத்தனுப்புகிறேன். "துர்சுனலி அண்ணன் தன் கரண்டியால்தான் சாப்பிடுவார், இது என் உத்தரவு" என்று தாங்களே எல்லார் முன்பும் சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னால் அவருக்கு அவமானம் இல்லை. நான் சொன்னால் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்பார்கள்.

இந்த மனுவை அலமாரியில் வைத்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். ஞாயிறன்று தங்கள் முற்றத்தில் புலாவ் வேகும். அடுத்தது என் முற்றத்தில், துக்கத்துக்காக வேகக் கூடாது. அப்படி வெந்தால், தலைவர் என்ற முறையில் தாங்கள்தான் முதலில் வந்து நிற்பீர்கள். அன்று தங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

இடம்: மர்கிலான்
நாள்: நவம்பர் 14

தங்கள் அண்டை வீட்டாள்,
(ஒப்பம்) ஹோஸியத் எர்காஷேவா