அண்ணன் கிடக்கும் வார்டு

ஞானஸ்நானம் எடுத்ததற்காகத் தங்கையனையும் அவன் மனைவி அஞ்சுகத்தையும் வரிச்சிக்குடியைவிட்டே துரத்தியவன் அவனுடைய அண்ணன் கருப்பையன். இப்போது பாம்பு கடித்து, காரைக்கால் ஆஸ்பத்திரியில் அஞ்சுகம் ஆயா வேலை பார்க்கும் வார்டிலேயே கிடந்தான்.

"அவன் பக்கம் போனீன்னா இந்த வீட்டுக்கு வராதே" என்று நேற்று கத்திய தங்கையன், காலையில் முகம் கொடுக்காமல் குளிக்கப் போய்விட்டான். வேலைக்குக் கிளம்பிய அஞ்சுகம் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"ஏங்க, சோறும் கருவாட்டுக் கொழம்பும் மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவிய செல்லம்மாக்கா வீட்ல குடுங்க. நான் உங்க அண்ணனப் பாக்கத்தான் போறேன். பைபிள்ல யோசேப்பக் குழியில தள்ளி, எகிப்துக்குப் போறவங்ககிட்ட வித்த அண்ணன்மாருக்குத்தான் பஞ்சத்துல அவன் சோறு போட்டான். தள்ளாட்டி அவன் எகிப்துக்கே போயிருக்க மாட்டான். நம்மளத் தொரத்தாட்டி நானும் இன்னும் நாத்துதான் நட்டுக்கிட்டிருப்பேன், அந்த வார்டுல இருந்திருக்க மாட்டேன். கர்த்தர் இதுக்குத்தான் நம்மள அழவிட்டாரோ என்னமோ. சாயங்காலம் வருவேன். கதவத் தொறங்க."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நேத்து நீங்க கத்துனதுல ஒன்னு சொல்லாம விட்டுட்டேன். உங்க அண்ணன் 'தம்பி வருவானா'ன்னு கேட்டாரு. வருவாருன்னு சொல்லிட்டேன்."